இரண்டு கிராம் இரையும் மலையோடை மீனும்

ஒன்று முதல் ஐந்து கிராம் வரை எடையுள்ள செயற்கை இரையை, இரண்டு கிலோகிராம் இழுவைக்கு மேல் தாங்காத மெல்லிய நூலில் கட்டி, ஐந்தடி அல்லது ஆறடி நீளமுள்ள, எளிதில் வளையும் கோலால் நீரில் எறிந்து, உயிருள்ள சிறு பிராணி நீந்துவதுபோல் தோன்றும்படி அதை இழுத்து மீனைக் கவ்வச் செய்யும் முறை அல்ட்ராலைட் தூண்டில் எனப்படுகிறது. இலங்கை மலையகத்து ஓடைகளில் தலைமுறைகளாகப் புழங்கிவரும் தூண்டில் இதிலிருந்து வேறுபட்டது. மூங்கிற் கம்பின் நுனியில் தங்கூசி நூல், நூலில் ஒரு தக்கை, தக்கைக்குக் கீழே ஓர் ஈயக் குண்டு, முள்ளில் கோத்த மண்புழு அல்லது மாவுருண்டை என்பதே அதன் அமைப்பாகும்; இரையை ஓரிடத்தில் இட்டுவிட்டு மீன் அதைத் தேடி வரும்வரை காத்திருப்பது அதன் இயல்பு. செயற்கை இரைக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை என்பதால் அதை அசையாமல் விட்டுவைக்க முடியாது. எந்த மீன் எந்த இடத்தில் எந்தத் திசையை நோக்கி நிற்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்து இரையை அங்கே கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால், இம்முறையில் கையின் திறமையைவிட ஓடையைப் பற்றிய அறிவே பெரிதும் வேண்டப்படுகிறது.

பேராதனையும் அதைச் சூழ்ந்த கண்டிப் பிரதேசமும் இந்த அறிவைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற நிலமாகும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர் உயரத்தில், 1821ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரச தாவரவியற் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்துச் செல்லும் மகாவலி கங்கை, பல்கலைக்கழக நிலத்தையும் ஊடறுத்துக்கொண்டு கண்டியை நோக்கித் திரும்புகிறது. ஹந்தானை மலைத்தொடரிலிருந்தும் எதிர்க்கரைக் குன்றுகளிலிருந்தும் இறங்கும் சிற்றோடைகள் தேயிலைச் சரிவுகளையும் வீட்டுத் தோட்டங்களையும் வயல்களையும் கடந்து அதனுடன் சேர்கின்றன. இவற்றுள் பல, மழையில்லாத மாதங்களில் ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய அகலமே உள்ளவை. பெருநதிக்கோ கடற்கரைக்கோ செய்யப்பட்ட தடித்த கோலும் இருபது கிராம் இரையும் இங்கே பயன்படுவதில்லை. அந்த இரை விழும் ஓசையே முழங்கால் ஆழ மடுவிலுள்ள மீன்களையெல்லாம் பாறையிடுக்குக்குள் ஓட்டிவிடும் என்பதோடு, ஒரு சாண் நீளமுள்ள மீன் அதைக் கவ்வினாலும் கோலைப் பிடித்திருப்பவருக்கு அது தெரியவே வராது.

இரண்டு கிராம் எடையை எறிவது, எண்ணுவதற்கு எளிதாகத் தோன்றினாலும், ஐரோப்பாவின் தூண்டிற்காரர்களை நெடுங்காலம் திணறவைத்த சிக்கலாகும். பழைய ரீல்கள், அதாவது நூல் சுற்றும் உருளைகள், இரையை எறியும்போது தாமும் சுழன்று நூலை விடுவிக்கும்படி அமைந்திருந்தன. ஓய்விலிருக்கும் உருளையைச் சுழலச் செய்யும் ஆற்றலையும் பறக்கும் இரையே கொடுக்க வேண்டியிருந்ததால், இரை கனமாக இல்லாவிட்டால் அது சில அடி தூரத்திலேயே விழுந்துவிடும். இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் ஆலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த அல்பிரட் இல்லிங்வேர்த் 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற நிலை உருளை ரீல் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. நெசவாலையில் நூற்கண்டு சுழலாமல் நிற்க, அதன் நுனி வழியே நூல் வளையம் வளையமாக வழுகி வெளியேறுவதைப் போலவே இதிலும் உருளை அசையாமல் நிற்கிறது. எறியும் வேளையில் நூல் அதன் விளிம்பைத் தாண்டி நழுவிச் செல்ல, மீண்டும் சுற்றும் வேளையில் உருளையைச் சுற்றி வரும் ஒரு கம்பி வளைவு நூலை அதன்மேல் படியவைக்கிறது. இரை இப்போது தன் பின்னால் வரும் நூலின் எடையையும் விளிம்பின் உராய்வையும் மட்டும் வென்றால் போதும். இன்று கண்டிக் கடைகளில் கிடைக்கும் மிக மலிவான ரீல்களும் இந்தத் தத்துவத்திலேயே இயங்குகின்றன.

உராய்வைக் குறைப்பதில் நூலின் தடிப்புக்கும் பங்குண்டு. நூலின் தாங்குதிறன் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுகிறது என்பதால், விட்டத்தைப் பாதியாக்கினால் தாங்குதிறன் நான்கில் ஒன்றாகிவிடும். பட்டும் குதிரைமயிரும் பயன்பட்ட காலத்தில் மெல்லிய நூல் என்பது அறுந்துபோகும் நூல் என்றே பொருள்பட்டது. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் டியூபோன்ட் நிறுவனம் நைலோனை அறிமுகப்படுத்திய பின்னரே, 0.15 மில்லிமீற்றர் அளவு விட்டத்தில் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் ஒற்றை இழை நூல் சாதாரண மக்களுக்கு எட்டியது. நிலை உருளையும் நைலோன் இழையும் ஒன்றுசேர்ந்திராவிட்டால் அல்ட்ராலைட் என்று ஒரு முறை தோன்றியிருக்காது. விளம்பரங்களில் முன்னிறுத்தப்படும் காபன் இழைக் கோல் இவ்விரண்டுக்கும் பின்னால் வந்து சேர்ந்த வசதி மட்டுமே.

இரைகளுள் சிற்றோடைக்கு மிகவும் பொருந்துவது ஸ்பின்னர் எனப்படும் சுழல்தகட்டு இரையாகும். ஒரு மெல்லிய கம்பியும், அதைச் சுற்றிச் சுழலும் முட்டைவடிவ உலோகத் தகடும், தகட்டுக்குக் கீழே சிறு பித்தளைக் குண்டும், கடைசியில் முள்ளும் கொண்ட இது, இழுக்கப்படும்போது ஒளியைத் தெறிக்கச் செய்வதோடு நீரில் இடைவிடாத அதிர்வையும் உண்டாக்குகிறது. மீனின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு, நீரின் நுண்ணிய அசைவுகளை அறியவல்லது. எனவே மழைக்குப் பின் தேநீர் நிறத்தில் ஓடும் ஓடையிலும், கண்ணுக்குத் தெரியாத இரையை மீன் அதிர்வைக்கொண்டே தேடிப் பிடிக்கிறது. 1938இல் பிரான்ஸில் தொடங்கப்பட்ட மெப்ஸ் நிறுவனத்தின் சுழல்தகடுகள் இவ்வகையில் உலகெங்கும் பரவின. அவற்றின் மிகச் சிறிய அளவு ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் எடையுள்ளது. கரண்டியின் குழிந்த பகுதியைப் போன்ற ஸ்பூன் இரை இதைவிடப் பழையது. அமெரிக்காவில் ஜூலியோ பியூல் அதற்கு 1852இல் காப்புரிமை பெற்றார். பின்லாந்தின் லவுரி ரப்பாலா 1936இல் செதுக்கத் தொடங்கிய, அடிபட்ட குஞ்சுமீன் போலத் தள்ளாடி நீந்தும் மரமீன் மூன்றாவது வகை. ஈயத் தலையில் மென்மையான ரப்பர் வாலைச் செருகிய ஜிக் நான்காவது. மடுவின் அடித்தரையைத் தொட்டுத் தொட்டுத் துள்ளவைப்பதற்கு அதுவே உதவும் என்றாலும், பாறையும் வேரும் நிறைந்த ஹந்தானை ஓடைகளில் அது சிக்கி அறுபடுவதே அதிகம்.

இந்தக் கருவிகள் தென்னாசியாவுக்கு வந்த வரலாற்றில் ஒரு முரண் உள்ளது. சென்னை மாகாண அரசின் நிருவாகத்தில் பணியாற்றிய ஹென்றி சலிவன் தோமஸ் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் பற்றிய நூலும், 1887இல் குளத்து மீன்பிடிக்கெனத் தனியாக எழுதிய நூலும், இந்த மண்ணின் மீன்களைப் பொருட்படுத்திக் கவனித்தவர் ஒருவரின் எழுத்துகளாகும். மசீர் எனப்படும் ஆற்றுப் பெருங்கெண்டை ஸ்பூனை விரட்டிக் கவ்வுவதைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருந்தார். ஆயினும் அவரது காலத்து ஆங்கிலேய ஆட்சியாளர்களுள் பெரும்பாலோருக்குத் தூண்டில் என்றால் தாய்நாட்டின் ட்ரௌட் மீனே நினைவுக்கு வந்தது. இலங்கையில் 1882ஆம் ஆண்டு நுவரெலியாவுக்குப் பழுப்பு ட்ரௌட் கொண்டுவரப்பட்டது. பின்னர் வானவில் ட்ரௌட்டும் வந்து சேர, 1896இல் உருவான சிலோன் பிஷிங் கிளப் அம்மீன்களைப் பெருக்கி உயர்மலை ஓடைகளில் விட்டு வளர்த்தது. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்ததும் இதே ஆசையின் விளைவே. ட்ரௌட் குளிர்ந்த, உயிர்வாயு மிகுந்த நீரை நாடும் மீன் என்பதால் ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களில் வானவில் ட்ரௌட் நிலைபெற்றது. வெதுவெதுப்பான பேராதனை நீரில் அது வாழ முடியாது. இதன் விளைவாகக் கண்டி மட்டத்து ஓடைகள் தூண்டிற் கலையின் வரைபடத்திலிருந்தே விடுபட்டுப் போயின. கப்பலில் பனிக்கட்டியிட்டு முட்டைகளைக் கொண்டுவரத் துணிந்தவர்கள், தங்கள் பங்களாவுக்குக் கீழே ஓடிய நீரில் என்ன மீன் இருந்தது என்று குனிந்து பார்க்கவில்லை என்று சொன்னால் அது கடுமையான கூற்றாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் கையிலிருந்த கருவிகளுக்கு அந்த மீன்கள் உண்மையிலேயே மிகச் சிறியவையாக இருந்தன என்பதும் கருதத்தக்கது. அக்குறையை நீக்கியிருப்பதே அல்ட்ராலைட்டின் பயன்.

அந்த மீன்களுள் தூண்டிற்காரரின் கவனத்துக்கு முதலில் உரியது குறவை. விரால் குடும்பத்தின் குட்டை உறவான இது, ஒரு சாணுக்கு மேல் வளர்வது அரிது. உருண்ட தலையும், துடுப்புகளின் ஓரத்தில் நீலச் சாயலும், கரையோரப் புற்களுக்கும் கற்களுக்கும் அடியில் ஒளிந்திருந்து பாயும் வழக்கமும் கொண்டது. செவுளுக்கு மேலே அமைந்த தனி அறையினால் காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கக்கூடியது என்பதால், சிறிது நேரத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மறையும். அந்தச் சிறு வளையத்தைக் கண்டு அதற்கு ஒரு முழம் அப்பால் சுழல்தகட்டைப் போட்டு அவ்வழியாக இழுப்பவருக்குக் கடி கிடைப்பது ஏறக்குறைய உறுதி. இத்தனை பழகிய மீனின் அறிவியற் பெயரே அண்மைக்காலம் வரை குழப்பத்தில் இருந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் குட்டைக் குறவைகளுள் ஒன்று, இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட்டின் பெயரால் 1861இல் பெயரிடப்பட்டுப் பின்னர் மற்றோர் இனத்துடன் சேர்த்து மறக்கப்பட்டிருந்தது. அது தனி இனமே என்று 2020இல் வெளியான ஆய்வொன்று நிறுவியது. தென்மேற்குத் தாழ்நிலத்தின் குறவைக்கு இடுப்புத் துடுப்புகள் இல்லை என்பதும், கெலார்ட்டின் குறவைக்கு அவை உண்டு என்பதும் கையில் பிடித்த மீனைத் திருப்பிப் பார்ப்பவர் எவரும் காணக்கூடிய வேறுபாடாகும்.

குட்டைக் குறவைகளில் ஆண் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்நாட்களில் அது இரை தேடுவதில்லை. வயல் வாய்க்காலிலும் தேங்கிய நீரிலும் வாழும் விராலோ, குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீர்மட்டத்தில் மொய்த்துக்கொண்டிருக்க, அந்தப் பார்ப்புக்குச் சற்றுக் கீழே நின்று காவல் செய்கிறது. பார்ப்பின் நடுவே விழும் எந்தப் பொருளையும் அது பசியினால் அன்றிச் சினத்தினால் தாக்கும் என்பதை அறிந்தவர்கள் அங்கேயே இரையை எறிந்து பெரிய விராலைப் பிடிப்பதுண்டு. இதைத் திறமை என்று சொல்வதற்கில்லை; காவல் போன சில நிமிடங்களில் மற்ற மீன்கள் பார்ப்பை விழுங்கித் தீர்த்துவிடுகின்றன. மகாவலிப் படுகைக்குரிய பெருவிராலை 1945இல் முதன்முதலில் விவரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல. ஒரு முழத்துக்கு மேல் வளரும் அம்மீன் மெல்லிய நூலில் அகப்பட்டால், பெரும்பாலும் நூலே தோற்கும்.

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை இங்கே எண்ணிக்கையில் மிகுதி. நீரோட்டத்தின் நடுவே கூட்டமாக நின்று மேலிருந்து விழும் பூச்சிகளைப் பொறுக்கும் ரஸ்போரா, ஒரு விரல் நீளமே இருந்தாலும் ஒரு கிராம் சுழல்தகட்டை அஞ்சாமல் துரத்தும். முதுகுத் துடுப்பில் இழைகள் நீண்டிருக்கும் டாக்கின்சியா சிங்களாவும், பெரிய செதில்களையுடைய ஆற்றுக் கெண்டைகளும் சில வேளைகளில் கவ்வும். மசீர் மகாவலியின் ஆழமான பாறைமடுக்களுக்கு உரியது. அதன் இளமீன்கள் கிளையோடைகளின் வாயிலும் திரிவதுண்டு. இவற்றுக்கு மாறாக, செயற்கை இரையை ஏறெடுத்தும் பாராத மீன்களும் உள்ளன. வாயின் கீழ்ப்புறத்து வட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டும் கல்லொட்டி, கற்களுக்கிடையே கிடக்கும் வரித்தோல் அயிரை, கண்டிப் பகுதி மலைநீரிலிருந்து 1917இல் அறிவியலுக்கு அறிமுகமான லேபியோ பிஷெரி ஆகியவை அத்தகையன. கடைசியாகச் சொன்ன மீன் மேல் மகாவலிப் படுகையின் பாறைகள் நிறைந்த வேகநீரில் மட்டுமே வாழ்வது, உலகில் வேறெங்கும் இல்லாதது, அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. வலையும் வெடியும் நஞ்சும் இனம் பார்ப்பதில்லை. வேட்டையாடும் மீனை மட்டுமே ஈர்க்கும் இரை, அதைப் பயன்படுத்துபவர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், பாசி மேய்பவற்றைத் தொடாமல் விடுகிறது. இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதங்களுள் இதுவே வலுவானது.

மீன் நிற்கும் இடத்தை அறிவதற்கு ஓடையின் கட்டமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மலையோடை ஒரே சீராக ஓடுவதில்லை. கற்கள்மீது சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதி, அது விழுந்து குடைந்த மடு, மடுவின் வால்பகுதியில் நீர் மெல்லப் பரவி மீண்டும் வேகம் பெறும் திட்டு என்ற ஒழுங்கு திரும்பத் திரும்ப வருகிறது. சலசலக்கும் நீரில் உயிர்வாயுவும் பூச்சிப் புழுக்களும் மிகுதி, ஆனால் அங்கே எதிர்த்து நிற்பதற்கு ஆற்றல் செலவாகும். மடுவில் ஓய்வு உண்டு, உணவு குறைவு. ஆகவே வேகநீரும் அமைதிநீரும் சந்திக்கும் கோட்டில், அமைதியான பக்கத்தில் நின்றுகொண்டு, வேகநீர் கொண்டுவருவதைப் பாய்ந்து எடுப்பதே மீனுக்கு இலாபமான வழி. பெரிய பாறையின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும், வேரோடு சரிந்த மரத்தின் நிழலிலும், நீர் அரித்து உட்குடைந்த கரையின் அடியிலும் இதே கணக்குச் செல்லும்.

மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், கீழிருந்து மேல்நோக்கி நடப்பவர் அதன் முதுகுப்புறமாக நெருங்குகிறார். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதனால், மேலுலகம் முழுவதும் மீனின் கண்ணுக்கு ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது; அதற்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடியாகி ஓடையின் அடித்தரையையே பிரதிபலிக்கும். நிமிர்ந்து நிற்கும் மனிதர் அச்சாளரத்தில் உயர்ந்து தோன்றுவார், குந்தியிருப்பவர் அதன் விளிம்பில் நசுங்கி மறைந்துபோவார் என்பதால், பத்தடி தூரத்தில் குந்தியிருந்து எறிவது இருபதடி தூரத்தில் நின்று எறிவதைவிடப் பலனளிக்கும். மூங்கிலும் கித்துளும் கவிந்த ஓடையில் கோலைத் தலைக்கு மேலே வீச இடமிருக்காது. அப்போது, முள் கையில் தைக்காதவாறு இரையைப் பிடித்து, கோலை வில்லாக வளைத்து, அம்பு விடுவதுபோல் நீட்டி விடுவிப்பதுண்டு. பாறைக்கு மேல்நீரில் ஒரு முழம் தள்ளி இரை விழுந்தவுடன் நூலிலுள்ள தொய்வை எடுத்து, நீரின் வேகத்தைவிடச் சற்றே கூடிய வேகத்தில் சுற்றினால்தான் தகடு சுழலத் தொடங்கும். கோலின் நுனியில் இடைவிடாத நடுக்கம் தெரிவது தகடு சுழல்வதற்கும், அந்நடுக்கம் திடீரென நிற்பது இரையை மீன் வாயிலெடுத்ததற்கும் அல்லது இலை சிக்கியதற்கும் அடையாளம். பாறையின் பக்கவாட்டைக் கடக்கும் அரைநொடியில் பெரும்பாலான கடிகள் நிகழ்கின்றன. அப்போது கிடைக்கவில்லை என்றால் இரண்டாம் முறை எறியலாம். மூன்றாம் முறை எறிவதற்குள் அந்த மடுவின் மீன்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

கடித்த மீனைக் கரைசேர்ப்பதற்கு ரீலின் இழுவைப்பிடி உதவுகிறது. குறிப்பிட்ட விசைக்கு மேல் மீன் இழுத்தால் உருளை வழுகி நூலைக் கொடுக்கும்படி இறுக்கத்தை மாற்றியமைக்கும் திருகே அது. நூலின் தாங்குதிறனில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை அதை வைப்பது வழக்கம். பட்டம் விடுபவர் காற்றுக்கேற்ப நூலை விட்டும் பிடித்தும் ஆடுவது போன்ற ஆட்டம் இங்கே தொடங்குகிறது. மெல்லிய கருவியை விரும்புவோர் மிகுதியாகப் பேசும் இன்பம் இதுவே என்றாலும், மீனின் பக்கமிருந்து பார்த்தால் இதில் ஒரு கேடு உண்டு. நூல் மெல்லியதாக ஆக ஆக இழுபறி நீள்கிறது. இழுபறி நீள நீள மீனின் தசைகளில் இலாக்டிக் அமிலம் சேர்ந்து, அது மீள்வதற்கு மிகுதியான உயிர்வாயு தேவைப்படுகிறது. வெப்பமான நீரிலோ உயிர்வாயு குறைவு: கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கரைத்து வைத்திருக்க, 25 பாகையில் அது 8 மில்லிகிராமை ஒட்டிக் குறைந்துவிடும், மலையின் உயரம் அதிலும் சிறிது குறைக்கும். காற்றைச் சுவாசிக்கும் குறவை இதைத் தாங்கிக்கொள்ளும், மசீர் தாங்காது. ட்ரௌட் நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் மெல்லிய நூலையே மீனுக்குக் காட்டும் மரியாதை என்று புகழ்வதை மலையகத்தில் அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. சிற்றோடையில் ஒன்றரைக் கிலோ நூல் தகும். மசீர் இருக்கக்கூடிய மகாவலி மடுவில் அதே நூலைப் பயன்படுத்துவது, மீனைக் களைக்க வைத்துக் கொல்வதற்கோ, முள்ளோடு அறுத்துக்கொண்டு போகவிடுவதற்கோ ஒப்பாகும்.

விடுவிக்கும் எண்ணத்தோடு பிடிப்பவர்கள் மூன்று கிளை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளைப் பூட்டி, அதன் எதிர்க்கொக்கியையும் குறட்டால் நசுக்கிவிடுகிறார்கள். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்வதும் அவசியம். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான சளிப்படலத்தை உரித்துவிட, அந்த இடத்தில் பூஞ்சணம் பற்றிக்கொள்கிறது. அறுந்த நூலைக் கரையில் எறிவது இவை எல்லாவற்றையும்விடத் தீங்கானது. தங்கூசி நூல் பல ஆண்டுகள் மட்காமல் கிடந்து மீன்கொத்தியின் காலிலும் நீர்க்காகத்தின் அலகிலும் சுற்றிக்கொள்ளும்.

எல்லா நீரிலும் தூண்டில் போட அனுமதி இல்லை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டத் தொடங்கிய கண்டி வாவியில் மீன்பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அங்கே மக்கள் மீன்களுக்குப் பொரி போடுகிறார்களே தவிரத் தூண்டில் போடுவதில்லை. தேசிய பூங்காக்களிலும், தாவரவியற் பூங்காவின் கரை போன்ற நிறுவன நிலங்களிலும் உரிய அனுமதியின்றி இறங்க இயலாது. வெடிவைப்பதையும் நஞ்சு கலப்பதையும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் தடைசெய்கிறது. சட்டத்துக்கு அப்பால் ஊராரின் மனப்பாங்கும் உண்டு: விகாரைக்கு அருகிலுள்ள துறைகளில் விளையாட்டுக்காக உயிரை வதைப்பது பௌத்தர்களைப் புண்படுத்தும், பிடித்து விட்டுவிடுகிறோம் என்ற விளக்கம் அங்கே எடுபடாது, உண்பதற்காகப் பிடிப்பதைப் புரிந்துகொள்ளும் ஊரார்கூட, உண்ணாமல் விடுவதற்காகப் பிடிப்பதை விசித்திரமாகவே பார்க்கிறார்கள். அவர்கள் பார்வையில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நீரின் தரமும் இடத்தைத் தீர்மானிக்கிறது. கண்டி நகரின் கழிவைச் சுமந்துவந்து கெட்டம்பேயில் மகாவலியில் கலக்கும் மெத எலவிலும், அக்குறணைப் பக்கமாக வந்து கட்டுகஸ்தோட்டையில் சேரும் பிங்கா ஓயாவின் கீழ்ப்பகுதியிலும் ரஸ்போராவைத் தேடுவது வீண். குடியிருப்புகளுக்கு மேலேயுள்ள கிளையோடைகளே தெளிந்தவை. தென்மேற்குப் பருவமழை ஓயும் இடைவேளைகளும், சனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலமும் வாய்ப்பானவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் இடிமழை மலையுச்சியில் பெய்துகொண்டிருக்க, கீழே வெயிலடிக்கும் ஓடை சில நிமிடங்களில் இடுப்பளவு ஏறிவிடும். நீர் திடீரெனக் கலங்கி இலைச்சருகுகள் மிதந்துவரத் தொடங்கினால் கரையேறுவதே முறை. மகாவலியில், மேலே நீர்த்தேக்கங்களிலிருந்து திறந்துவிடப்படும் நீரும், கீழே 1976இல் அமைந்த பொல்கொல்லை அணைக்கட்டின் தேக்கமும் மழை இல்லாமலேயே நீர்மட்டத்தை மாற்றக்கூடியவை. அட்டைக்கடி தொல்லை மட்டுமே; ஆனால் வயலோர ஓடைகளில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால், காலில் புண்ணுள்ளவர்கள் நீரில் இறங்காமல் கரையிலிருந்தே எறிவது நல்லது.

உணவுக்காக மீனை எடுத்துச்செல்ல விரும்புவோருக்கும் இந்நீர்நிலைகளில் ஒரு வழி உண்டு. பேராதனைக்குப் பல்கலைக்கழகம் குடிபெயர்ந்த அதே 1952ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது குளங்களை நிரப்பி, உள்நாட்டு மக்களுக்கு மலிவான புரதத்தைத் தந்து, ஓடைகளின் மெதுவான பகுதிகளிலும் பரவி, உள்ளூர்க் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண் திலாப்பியா மணலில் வட்டமான குழி தோண்டி அதைக் காவல்செய்யும் வழக்கமுடையது. குழியின் மேலாக மெதுவாக இழுக்கப்படும் இரண்டு கிராம் சுழல்தகட்டை அது தள்ளுவதற்காகக் கவ்வும். முள் பெரும்பாலும் உதட்டின் ஓரத்தில் தைக்கும். முதுகுத் துடுப்பின் முட்கள் கூரியவை என்பதால் தலையிலிருந்து வால்நோக்கித் தடவி முட்களைப் படியவைத்த பின்னரே அதைப் பிடிக்க வேண்டும். கலங்கிய நீரில் வளர்ந்ததன் சேற்றுவாடையைப் போக்க, வயிற்றுக்குள்ளிருக்கும் கறுப்புச் சவ்வை முழுவதும் சுரண்டியெடுத்து, உப்பும் பழப்புளியும் தேய்த்துக் கழுவி, கொறுக்காய்ப்புளி இட்டு மண்சட்டியில் வற்றவைப்பது மலைநாட்டு வழக்கம்.